காபிப் பானை இருந்த மூலை

ஆல்டர்டன் ஊரில் ஹெல்மியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு, கட்சியை அவளைப்போல் வாய் நிறையத் திட்ட எதிர்க்கட்சிக்காரனுக்குக்கூடத் தெரியாது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் தேர்தல் வந்துவிட்டால், பனி கொட்டினாலும் சரி, பழைய வேனை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய், நடக்க முடியாதவர்களை ஏற்றி வாக்குச்சாவடி வாசலில் இறக்குவதும் அவள்தான். வழி நெடுக, அவர்கள் ஓட்டுப் போடப்போகிற அதே கட்சியைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டே ஓட்டுவாள். இறங்கும்போது சிலருக்குக் குழப்பமாகிவிடும். அப்படியானால் யாருக்குத்தான் போடச் சொல்கிறாய் என்று கேட்பார்கள்.

"நம்ம கட்சிக்குத்தான். வேற எந்தக் கழுதை இருக்கு?" என்பாள்.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடக்கில் இரும்புச் சுரங்கம் தோண்டித் தோண்டிச் சிவந்துபோன ஊர் அது. ஹெல்மியின் பாட்டன் ஃபின்லாந்திலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர்; வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதால் அதன்பிறகு எந்தச் சுரங்கமும் அவரை உள்ளே விடவில்லை. அந்தக் குடும்பத்தில் கட்சிக்கு ஒரு பெயர் உண்டு: முதலாளியின் சின்ன வீடு. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள், கட்சியின் தீவிர விசுவாசியான ரூடியைக் கல்யாணம் செய்துகொண்டாள். ரூடி ஸ்லோவேனியக் குடும்பத்துப் பையன், சுரங்கத்தில் மண்வாரி இயந்திரம் ஓட்டுபவன், தொழிற்சங்கத்தில் கிளைப் பொறுப்பாளி. ஹெல்மியின் மாமா ஒருவர் கல்யாண விருந்துக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மணமகன் பரவாயில்லை, அவன் கட்சிதான் சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாராம்.

ஹெல்மி கட்சிக்குள் வந்தது ரூடியால்தான். அவனுடைய வாதம் சிறியது. கூரையில் ஓட்டை என்றால் வீட்டுக்குள் இருந்துகொண்டு கத்த வேண்டும், வெளியே நின்று கத்தினால் நம் தலைதான் நனையும் என்பான். ஹெல்மிக்கு அது பிடித்துப்போயிற்று. உள்ளே வந்தாள். கத்த ஆரம்பித்தாள். அதன்பிறகு நிறுத்தவே இல்லை.

வேலை என்று பார்த்தால் அவள் பள்ளிக்கூடச் சமையல்காரி. ஊரில் பாதிப்பேர் அவள் கரண்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். யார் எப்படிப்பட்டவன் என்பதைச் சாப்பாட்டு வரிசையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவள் கொள்கை. அதற்கு அவள் சொல்லும் உதாரணம் எப்போதும் டேரல்தான். சின்ன வயதில் டேரல் தட்டை நீட்டிக்கொண்டு வந்து நிற்பான். மாக்கரோனியா, மீனா என்று கேட்டால் பதில் வராது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கடைசியில் இரண்டிலும் பாதிப் பாதி என்பான். அந்த டேரல்தான் பிற்பாடு கட்சியில் வளர்ந்து மாவட்ட வாரிய உறுப்பினர் ஆனார். நல்ல மனிதர், எல்லோருடைய பெயரும் தெரியும், சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவறாமல் வருவார். ஆனால் தட்டில் இன்னமும் பாதிப் பாதிதான்.

கட்சியின் வட்டக் கூட்டம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். ஹெல்மி ஒவ்வொரு தடவையும் ஒரு தீர்மானம் கொண்டுவருவாள். வைத்தியம் எல்லோருக்கும் இலவசமாக வேண்டும் என்பாள். சுரங்கக் கம்பெனியிடம் கட்சி கைநீட்டக் கூடாது என்பாள். சனிக்கிழமைகளில் வீட்டுச் சவுனாவில், அந்த ஃபின்லாந்து வெந்நீராவி அறையில், உட்கார்ந்து, வேர்க்க விறுவிறுக்கப் பேசிப் பார்த்துத் தயார் செய்த பேச்சு அது. அந்தச் சூட்டில் குறுக்கே பேச யாருக்கும் தெம்பு இருக்காது, அதனால் சவுனாவில் எப்போதும் அவளே ஜெயிப்பாள். கூட்டத்தில் கதை வேறு. எல்லோரும் மரியாதையாகக் கேட்பார்கள், நல்ல கருத்து என்பார்கள், மேலாய்வுக்கு அனுப்புவார்கள். மேலாய்வுக்குப் போன ஒரு தீர்மானமாவது திரும்பி வந்ததாக ஆல்டர்டனில் யாரும் கண்டதில்லை.

வட்டத் தலைவி மார்லிஸ், அதே பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். கழுத்தில் இன்னமும் விசில் தொங்கும். ஹெல்மிக்குக் கொடுத்த நேரம் முடிந்த கணத்தில் அதை ஊதுவாள். இருவரும் ஒரே வயது, ஒரே தெரு, ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுக்காத பகை.

"நீ கனவு காண்றதுக்குப் பாய் விரிச்சுப் போடறது யாருடி? நாங்கதானே. நாற்காலி போடறது யாரு, மடக்கி வைக்கிறது யாரு?" என்று மார்லிஸ் கேட்பாள்.

"மடக்கி வைக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல" என்பாள் ஹெல்மி.

இப்படியே போயிருந்தால் ஹெல்மியின் கதையில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஊருக்கு ஒரு வாயாடி இருப்பாள், அவ்வளவுதான். ஆனால் ஒரு வருடம் ரூடி சவுனாவுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தபோது அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது பக்கமும் பேச்சும் போயின. பேச்சு மட்டும் மெல்லத் திரும்பியது, அதுவும் ஒரு நேரத்துக்கு ஒரு சொல், இரண்டு சொல். ஹெல்மி தன்னால் முடிந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்தாள். ஆறடி உயரத்து மனிதரைக் குளியலறையில் தூக்கப்போய் இருவரும் சேர்ந்து விழுந்த பிறகு, மாவட்ட முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். சேர்த்த அன்று வேனில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் போனால், ரூடி பழைய சங்கத்துத் தோழர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். இடது கையால் ஆடி, ஏமாற்றியும் கொண்டிருந்தார்.

நல்ல இல்லம் அது. மாவட்டம் நடத்துவது. வேலை செய்கிற பெண்கள் ஆண்டுக்கணக்காக அங்கேயே இருப்பவர்கள். ரூடிக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்று கேட்காமலே போடுவார்கள். அந்த இல்லத்தைத்தான் ஒரு தனியார் கம்பெனிக்கு விற்கப்போவதாகப் பேச்சு வந்தது. பக்கத்து மாவட்டத்தில் இப்படித்தான் விற்றார்கள். ஒரு வருடத்துக்குள் பாதி வேலைக்காரர்களை அனுப்பிவிட்டு, மறுவருடம் கட்டடத்தையே மூடி, கிழவர்களை எண்பது மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். எண்பது மைல் என்றால் குளிர்காலத்தில் ஹெல்மியின் வேனுக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

மாவட்ட வாரியத்தில் பாதிப்பேர் விற்கலாம் என்றார்கள், பாதிப்பேர் கூடாது என்றார்கள். நடுவில் டேரல். கவனமாக ஆராய்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். அந்த வருடம் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்க நினைத்திருந்தார். அதற்குக் கட்சியின் ஆதரவு வேண்டும். விற்பனை மீதான வாக்கெடுப்பு மே மாதம். கட்சி ஆதரவு ஏப்ரல் மாதத் தொகுதி மாநாட்டில். முதலில் ஆதரவை வாங்கிக்கொள்வது, பிறகு கையை எந்தப் பக்கமும் தூக்குவது. ஹெல்மி டேரலின் தட்டை அந்த வயதிலேயே பார்த்தவள், அவளுக்கா புரியாது?

இல்லத்துக்குப் போய் ரூடியிடம் பொரிந்து தள்ளினாள். "எதிர்க்கட்சிக்காரன் வீட்டை இடிக்கணும்னு நேரா வந்து நிப்பான். நம்மாளு இடிக்கிறதுக்கு முன்னாடி நம்மகிட்டக் கருத்துக் கேட்பான். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கட்சியில என்னைக் கொண்டுவந்து தள்ளினியே, இப்பச் சொல்லு."

ரூடி நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். வாய் கோணிக்கொண்டு ஒரு சொல் வந்தது. "போ."

எங்கே என்று கேட்டாள்.

"கூட்டம்" என்றார்.

போனாள். அந்த வருடம் பிப்ரவரிக் கூட்டத்தில் அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: தொகுதி மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போக வேண்டும், இல்லத்தை விற்கிறவனுக்கு ஆதரவு கிடையாது என்று அங்கே எழுந்து சொல்ல வேண்டும்.

பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க அந்தக் கட்சியில் ஒரு முறை உண்டு. கூடியிருப்பவர்கள் நடந்து நடந்து அணி பிரிவார்கள். யார் வேண்டுமானாலும் ஓர் அட்டையில் தன் அணியின் பெயரை எழுதித் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் போய் நிற்கலாம். பிடித்தவர்கள் அங்கே போய்ச் சேரலாம். போதிய தலை சேர்ந்தால் அந்த அணிக்குப் பிரதிநிதி உண்டு. சேராவிட்டால் அட்டையை மடக்கிவிட்டு வேறு மூலைக்கு நடக்க வேண்டும். அந்த வருடம் தேவைப்பட்டது ஏழு தலை. ஹெல்மியின் அணியில் வழக்கமாக மூன்று பேர்: அவள், ரூடி, காது சரியாகக் கேட்காத எய்னோ. எய்னோ ஏன் அவள் பக்கம் நிற்கிறார் என்று அவரையே கேட்டதற்கு, இவள் பேசுவது மட்டும்தான் எனக்குக் கேட்கிறது என்றாராம்.

இந்தத் தடவை ரூடியும் இல்லை. 'இல்லத்தை விற்காதே' என்று அட்டையில் எழுதி, பரிமாறுகிற ஜன்னலுக்குப் பக்கத்து மூலையில் போய் நின்றாள். அவள் வருடக்கணக்காக நின்ற இடம் அது. கால் தானாக அங்கேதான் போகும். பக்கத்தில் எய்னோ. மற்ற மூலைகளில் 'வேலைவாய்ப்பும் வளர்ச்சியும்' என்று ஒரு கூட்டம், 'ஏரிகளைக் காப்போம்' என்று ஒரு கூட்டம், 'டேரலுக்கே ஆதரவு' என்று பெரிய கூட்டம். டேரல் எந்த மூலையிலும் நிற்கவில்லை. எல்லா மூலைக்கும் போய்க் கை குலுக்கினார், ஏரிக்காரர்களிடம் மீனைப் பற்றியும் வளர்ச்சிக்காரர்களிடம் சாலையைப் பற்றியும் பேசினார்.

முதல் விசில் ஊதியபோது ஹெல்மியின் அணி இரண்டு பேர். மார்லிஸ் உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் ஒரு சுற்று உண்டு, அதுதான் கடைசி, விசில் ஊதும்போது யார் எங்கே நிற்கிறார்களோ அதுதான் அவர்கள் அணி என்று அறிவித்தாள்.

அந்தக் கடைசிச் சுற்று இழுத்துக்கொண்டே போயிற்று. ஏரிக்காரர்களுக்கும் வளர்ச்சிக்காரர்களுக்கும் பேச்சு வளர்ந்தது. வெளியே பனி, உள்ளே சலிப்பு. அப்போதுதான் காபி கொதித்தது. அந்தக் கூடத்தில் பெரிய காபிப் பானையின் மின்சாரத்தைத் தாங்குகிற செருகுவாய் ஒன்றே ஒன்றுதான். அது பரிமாறுகிற ஜன்னலுக்கு அடியில் இருந்தது. வேறெங்கே செருகினாலும் விளக்கெல்லாம் அணைந்துவிடும். வடக்கு மினசோட்டாக்காரர்கள் கொள்கைக்காக மூலை மாறுவது அபூர்வம். காபிக்கு அப்படியில்லை. ஒருவர் வந்தார், இருவர் வந்தார்கள், யாரோ கொண்டுவந்திருந்த வாதுமைச் சுருள் ரொட்டியை யாரோ வெட்டினார்கள், வரிசையே உருவாகிவிட்டது. வரிசை இருக்கும் இடத்தில் கை குலுக்க ஆள் இருக்கும் என்று டேரலும் வந்தார். ஒரு கையில் கோப்பை, மறு கையில் ரொட்டித் துண்டு.

மார்லிஸ் விசில் ஊதினாள்.

கூடம் அப்படியே உறைந்தது. சின்ன வயதில் அவளிடம் அடி வாங்கியவர்கள் பாதிப்பேர். அந்த விசிலுக்கு அவர்கள் உடம்பு இன்னமும் கட்டுப்படும். மார்லிஸ் ஒவ்வொரு மூலையாகத் தலை எண்ணிக்கொண்டு வந்தாள். ஹெல்மியின் மூலைக்கு வந்ததும் நின்றாள். அட்டையைப் பார்த்தாள். அட்டைக்குக் கீழே கோப்பையும் கையுமாக நின்றவர்களைப் பார்த்தாள். எண்ணினாள். ஏழைத் தாண்டிப் போயிற்று.

ஹெல்மிக்கு ஒரு கணம் ஆசை வந்தது. பேசாமல் இருந்தால் போதும். எண்ணியாகிவிட்டது. ரூடியின் முகம்கூட மனசுக்குள் வந்துபோயிற்று. ஆனால் ஆயுசெல்லாம் எதைத் திட்டினாளோ அதையே இப்போது தானும் செய்வதா? கட்சி ஆட்களைக் கேட்பதில்லை, எண்ண மட்டும்தான் செய்கிறது என்று எத்தனை தடவை கத்தியிருப்பாள். தன் நாக்கையே மனசுக்குள் சபித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"காபிக்காக வந்தவங்க போகலாம். எனக்குத் திருட்டுத் தலை வேண்டாம். இந்த அட்டைக்காக நிக்கிறவங்க மட்டும் நில்லுங்க."

ஆட்கள் அசடு வழிந்தார்கள். சிலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, கோப்பை சிந்தாமல் நழுவினார்கள். நான்கு பேர் போகவில்லை. தபால்காரப் பெண்மணி, தன் தாய் இல்லத்தில்தான் இருக்கிறாள் என்றாள். முடிதிருத்துகிறவர், இல்லத்தில் வாரம் ஒருநாள் தலை வெட்டப் போகிறேன், விற்றுவிட்டால் யார் தலையை வெட்டுவது என்றார். மற்ற இருவர் காரணம் சொல்லவில்லை, ஹெல்மியும் கேட்கவில்லை; ரொட்டி இன்னும் மீதி இருந்தது. ஆக ஹெல்மி, எய்னோ, இந்த நால்வர். ஆறு.

ஏழாவதாக, அட்டைக்கு நேர் கீழே, டேரல் நின்றுகொண்டிருந்தார்.

கூடமே அவரைப் பார்த்தது. எல்லாக் கூட்டத்திலும் எல்லா மூலையிலும் நின்ற மனிதர், வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரே மூலையில் மாட்டிக்கொண்டார். ஓர் அடி எடுத்து வைத்தால், முதியோர் இல்லத்தைவிட்டு நடந்து போனார் என்று நாளைக் காலை ஊரெல்லாம் பேசும். நின்றால், தனக்கு எதிரான அணிக்குத் தானே ஏழாவது தலை. வாயில் இருந்த ரொட்டியை மென்று முடிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அதைப்போல் ருசியான நேரத்தை ஹெல்மி அதற்குமுன் கண்டதில்லை.

"மாக்கரோனியா, மீனா, டேரல்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

டேரல் விழுங்கினார். புன்னகை திரும்பியது. "நான் எப்பவுமே இல்லத்துப் பக்கம்தான் ஹெல்மியக்கா. எல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

ஏழு. மார்லிஸ் எழுதிக்கொண்டாள். எய்னோ கைதட்டினார்.

ஆனால் டேரலை அவ்வளவு லேசாக எடைபோட்டது ஹெல்மியின் தப்பு. அணி உறுதியானதும், அதற்குள் ஒரு பிரதிநிதியையும் ஒரு மாற்றுப் பிரதிநிதியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெல்மி வாயைத் திறப்பதற்குள், இந்த அணியின் குரலைத் தானே மாநாட்டுக்குக் கொண்டுபோவதாக டேரல் சொன்னார். அங்கே தனக்குப் பத்துப் பேரைத் தெரியும், ஹெல்மியக்காவுக்கு எதற்குச் சிரமம், ரூடி அண்ணனைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்குமே என்றார். அப்படிக் கனிவோடு கேட்கிற மனிதனிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. தபால்காரப் பெண்மணி தரையைப் பார்த்துக்கொண்டு கை தூக்கினாள். முடிதிருத்துகிறவர் தூக்கினார். மற்றவர்கள் தூக்குவதைப் பார்த்து எய்னோவும் தூக்கினார்.

இல்லத்தை விற்காதே அணியின் பிரதிநிதி, டேரல். ஆறுதல் பரிசாக ஹெல்மியை மாற்றுப் பிரதிநிதி ஆக்கினார்கள். மாற்று என்றால் மாநாட்டுக்குப் போகலாம், பின்வரிசையில் உட்காரலாம், கூட்டத்தைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குப் போகிறபோது மார்லிஸ் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். ஹெல்மி அவளைக் கடந்து போகும்போது நின்று, இதுதான் உங்கள் கட்சி, நம் மூலையில் வந்து நிற்பான், பிறகு நம் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான் என்றாள். மார்லிஸ் கையிலிருந்த நாற்காலியைச் சுவரோரம் சாய்த்தாள்.

"மாநாட்டுக்கு வந்துரு. மாற்றுதானேன்னு வீட்டுல உக்காந்துடாத" என்று மட்டும் சொன்னாள்.

ரூடியிடம் நடந்ததை எல்லாம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, தாதிப்பெண் ஓடிவர வேண்டியதாயிற்று. ஹெல்மிக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னை எண்பது மைல் தள்ளிக் கொண்டுபோனால் நான் என்ன செய்வேன் என்று அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ரூடி அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில், பக்கத்து ஊர்த் தொழிற்சங்கக் கூடத்தில் மாநாடு. ஹெல்மி மூன்று சனிக்கிழமைச் சவுனாவில் தயாரித்த பேச்சைக் காகிதத்தில் எழுதி, பேச வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். கயிறு கட்டிப் பிரித்த பின்வரிசையில் மற்ற மாற்றுக்களோடு உட்கார்ந்தாள். முன்னால் ஆல்டர்டன் வட்டத்தின் இருக்கைகளில் டேரல் புது டை கட்டிக்கொண்டு, பிரதிநிதி அட்டையை மார்பில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவேற்புரை ஆற்றினார். முதியோர் இல்லம் பற்றியும் உருக்கமாக ஒரு வரி சொன்னார். விற்பனை பற்றி அந்த வரியில் எதுவும் இல்லை.

பிற்பகல் ஆகிவிட்டது. அடுத்து, சட்டமன்ற வேட்பாளருக்குக் கட்சி ஆதரவு. இங்கேதான் டேரல் ஒன்றை மறந்துபோயிருந்தார். தன்னைப் பற்றிப் பேசும்போது வேட்பாளர் கூடத்தில் இருக்கக் கூடாது, வெளியே தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும் என்பது அந்தக் கட்சியின் பழைய வழக்கம். மாவட்ட வாரியத்துக்கு நிற்கக் கட்சி ஆதரவு தேவையில்லை; அதனால் அவர் மற்ற வேட்பாளர்களை அனுப்பி வைத்துப் பழகியவரே தவிர, தானே வேட்பாளராக வெளியே போனதில்லை. கதவு சாத்தப்பட்டது. இருக்கைச் சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்திருந்த மார்லிஸ் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு கூடத்தைப் பார்த்தாள்.

"ஆல்டர்டன் வட்டத்துல ஒரு இருக்கை காலியா இருக்கு. மாற்றுப் பிரதிநிதி இருந்தா முன்னாடி வாங்க" என்றாள்.

பிப்ரவரியிலேயே மார்லிஸ் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டாளா என்று ஊரில் இன்றுவரை பேச்சு உண்டு. கேட்டால், விதியைத்தான் படித்தேன் என்பாள்.

ஹெல்மி கயிற்றைத் தாண்டினாள். நேராக ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். காகிதத்தை எடுத்தாள். பாட்டன், வேலைநிறுத்தம், கட்சி எப்படி ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்து சேர்ந்தது, எல்லாம் அதில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் சமையலறைக் கதவு திறந்தது. உருளைக்கிழங்கு வில்லைகளை மேலே பரப்பிச் சுட்ட இறைச்சி ஹாட்டிஷின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. தலைகள் திரும்பின. மதியச் சாப்பாடு தள்ளித் தள்ளிப் போயிருந்தது. பசித்தவனிடம் நீளமாகப் பேசக் கூடாது என்பதை ஹெல்மி பிழைப்பாலேயே அறிந்தவள். அவ்வளவு அருமையான பேச்சை மடித்துக் கைப்பையில் போட்டாள்.

"இல்லத்துல என் புருஷன் இருக்கார்" என்றாள். "உங்கள்ல பல பேருக்கும் ஆள் இருக்காங்க. டேரல் நம்ம பக்கமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பாவம், அவருக்கும் தெரியாது. மே மாசம் அவர் கையைத் தூக்கறப்போ எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அதுவரைக்கும் ஆதரவைத் தள்ளி வைப்போம். ஹாட்டிஷ் ஆறுது."

உடனே யாரோ வழிமொழிந்தார்கள். எதிர்த்துப் பேச நான்கு பேர் எழுந்தார்கள். எழுந்தவர்களைச் சுற்றியிருந்தவர்கள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்கள். கைகள் உயர்ந்தன. கொள்கைக்காக எத்தனை கை, வயிற்றுக்காக எத்தனை கை என்று பிரித்து எண்ண அந்தக் கட்சியில் விதி கிடையாது. இந்தத் தடவை ஹெல்மி யாரையும் போகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுத்தானே எண்ணினார்கள்? ஆதரவு ஜூனுக்குத் தள்ளிப்போயிற்று.

கதவைத் திறந்து டேரலை உள்ளே விட்டபோது எல்லோரும் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்கு விஷயத்தைச் சொன்னவர் முடிதிருத்துகிறவர். டேரலின் முகம் வெளுத்து, சிவந்து, பழையபடி புன்னகைக்கு வந்தது. ஹெல்மிக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றார்.

"என்னைக் கவுத்துட்டியே அக்கா" என்றார்.

"கவுக்கலையே. ஒரு மாசம் யோசிக்க நேரம் வாங்கிக் கொடுத்திருக்கேன். பின்னாடி வரிசை நிக்குது, சீக்கிரம் யோசி" என்றாள் ஹெல்மி.

மே மாதம் மாவட்ட வாரியத்தில் டேரல் கை தூக்கினார். விற்பதற்கு எதிராக. இல்லம் மாவட்டத்திடமே நின்றது. ஹெல்மி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்த மார்லிஸ் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, தானும் மூக்கை உறிஞ்சினாள்.

மறுவாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் பெரிய படம். முதியோர் இல்லத்தைக் காத்தவர் டேரல். ரூடியின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறார். ஹெல்மியின் பேர் செய்தியில் எங்குமே இல்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு வேனை விரட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். படத்தை ரூடியின் மடியில் போட்டு, யார் கத்தியது, யார் பேர் வாங்கியது, பார் இந்த அக்கிரமத்தை என்று கொதித்தாள். இத்தனை வருஷம் கட்சியை மாற்றப் பார்த்தேன், கடைசியில் டேரலை எம்எல்ஏ ஆக்கப்போவதுதான் மிச்சம் என்றாள்.

ரூடி படத்தைப் பார்த்தார். அதில் இருந்த டேரலைப் பார்த்தார். நல்ல கையின் விரலால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன் படத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு, கீழே தரையைக் காட்டினார்.

"இங்க" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இருக்கேன்" என்றார்.

ஹெல்மி பத்திரிகையை மடித்து வைத்தாள். அவளுக்குத் தெரிந்தவரை ரூடி அவளை ஒரு வாதத்தில் ஜெயித்தது இரண்டே தடவை. முதலாவது அந்தக் கூரை ஓட்டை, இரண்டாவது இது.

ஜூனில் டேரலுக்குக் கட்சி ஆதரவும் கிடைத்துவிட்டது. இலையுதிர்காலத்தில், வழக்கம்போல் ஊரிலேயே முதல் ஆளாக ஹெல்மியின் வீட்டு முன்னால் டேரலின் தேர்தல் பலகை முளைத்தது. ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு அதன் வெள்ளை முதுகுதான் தெரிந்தது. எழுத்தும் டேரலின் சிரித்த முகமும் வீட்டைப் பார்த்து இருந்தன. மார்லிஸ் வேலியோரம் நின்று, பலகையைத் திருப்பி நட்டிருக்கிறாய், கண் தெரியவில்லையா என்றாள்.

ஹெல்மி சமையலறை ஜன்னலைக் காட்டினாள். "நல்லாத் தெரியுது. தெருவுல போறவங்க ஒரு நாள் ஓட்டுப் போட்டாப் போதும். பாத்திரம் கழுவறப்போ தினம் அவனைப் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியது நான்தானே" என்றாள்.

மார்லிஸ் ஜன்னலையும் பலகையையும் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் ஹெல்மி ரூடியைப் பார்க்கக் கிளம்பியபோது, எதிரே மார்லிஸ் வீட்டுப் பலகையும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.